வில்லின் முதுகில் பாம்புத் தோல்

சில மாதங்களுக்கு முன்னர், தோட்டம் ஒன்றின் மண்டபத்தில் இளைஞர்களோடு உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. கூட்டம் முடிந்த பின் இளைஞர் ஒருவர் தாம் செய்த வில்லை எடுத்துவந்து காட்டினார். பள்ளி நாடகத்துக்காகச் செய்யத் தொடங்கியவர், நாளடைவில் அதனை உண்மையாகவே அம்பு எய்யத்தக்க வில்லாக ஆக்கிவிட்டார். வேலைப்பாடு பாராட்டத்தக்கதாகவே இருந்தது. ஆயினும், வில்லின் வெளிப்புறத்தில், கைப்பிடிக்குச் சற்று மேலே, தலைமுடி போன்ற மெல்லிய கீறல் ஒன்று குறுக்காக ஓடியதைக் கண்டேன்.

“ஐயா, அமெரிக்காவில் வில்லின்மீது பாம்புத் தோல் ஒட்டுவதைப் படத்தில் பார்த்தேன். நானும் ஒரு மலைப்பாம்புத் தோலை ஒட்டிவிட்டால் இந்தக் கீறல் அடங்கிவிடும் அல்லவா? வில்லுக்கு வலுவும் கூடும் அல்லவா?” என்று அவர் வினவினார்.

“தம்பி, இந்த வில்லில் இனி நாண் ஏற்ற வேண்டாம்” என்று மட்டுமே அன்று என்னால் கூற முடிந்தது. அதற்குரிய காரணத்தை அவருக்கும், அவரைப் போன்ற கைத்தொழில் ஆர்வமுள்ள மற்றவர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லின் முதுகும் வயிறும்

வில்லைக் கையில் பிடித்து நிற்கும்போது, எய்பவரை நோக்கியிருக்கும் பக்கத்தை வில்லின் வயிறு என்றும், இலக்கை நோக்கியிருக்கும் வெளிப்பக்கத்தை வில்லின் முதுகு என்றும் கூறுவர். இவ்விரு பக்கங்களும் செய்யும் வேலை ஒன்றன்று.

இதனை நாம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் தடித்த அழிப்பான் ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் சம இடைவெளியில் சில கோடுகளை வரைந்துகொள்ளுங்கள். பின்னர் அதனை வில்லைப் போல் வளையுங்கள். வெளிவளைவில் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். உள்வளைவில் அவை நெருங்கிவரும். நடுவில் உள்ள இடைவெளி பெரிதும் மாறாது. அதாவது, வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது.

வில்லிலும் நிகழ்வது இதுவேயாகும். நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. ஆனால், ரப்பர் பன்மடங்கு நீண்டு கொடுக்கும்; மரமோ அவ்வாறு கொடுக்காது. தன் நீளத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அளவு நீண்டவுடனேயே பெரும்பாலான மரங்களின் நார்கள் அறுந்துவிடுகின்றன. அறுபடுதல் எப்போதும் வில்லின் முதுகில் உள்ள மிக வலுவற்ற இடத்திலேயே தொடங்கும். இழுத்த வில்லில் அடங்கியிருக்கும் விசை முழுவதும் அந்த நொடியில் வெளிப்படும். முறிந்த துண்டுகள் எய்பவரின் முகத்தையும் கையையும் தாக்கக்கூடும். ஆகவே, வில்லின் முதுகைக் காப்பது அழகுக்கான வேலை அன்று; ஆளைக் காக்கும் வேலையாகும்.

நார் அறுபடாத மரம்

அமெரிக்காவில் வில் செய்வதற்குப் பெயர் பெற்ற மரம் ‘ஓசேஜ் ஆரஞ்சு’ என்பது. டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சாஸ் ஆகிய மாநிலங்களை ஒட்டிய பகுதியே அதன் தாயகம். பெயரில் ஆரஞ்சு இருப்பினும் அது ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்ததன்று. நம் வீட்டுப் புறத்தில் வளரும் பலாவும் செம்படாக்கும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பலா மரத்தைப் போன்றே அதன் வைரமும் மஞ்சள் நிறமுடையது. அங்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதனை ‘வில் மரம்’ என்றே தம் மொழியில் அழைத்தனர்.

குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் மரத்தின் வளர்ச்சி நின்று, வசந்தத்தில் மீண்டும் தொடங்கும். அதனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வளையம் மரத்தில் தெளிவாகத் தெரியும். வில் செய்வோர் பட்டையையும் அதன் கீழுள்ள வெளிர்நிற மரத்தையும் இழைத்து நீக்கி, வைரத்தில் ஒரே ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்தெடுப்பர். வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்த ஒரு வளையமே முதுகாக அமைய வேண்டும். கத்தி எங்கேனும் ஆழமாக இறங்கி அடுத்த வளையத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் நார்கள் அறுபட்டுவிடும்.

பால் வெட்டும் தோழர்களுக்கு இந்தக் கைப்பக்குவத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தின்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து, உள்மரத்தில் காயம் படாமல் கத்தியை ஓட்டும் கைகள் உங்களுடையவை. ஆழம் சற்றுத் தவறினாலும் அம்மரம் பல ஆண்டுகளுக்கு முண்டும் முடிச்சுமான பட்டையையே தரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வில் செய்பவரின் அச்சமும் அத்தகையதே.

தசைநார் என்னும் துணை

எல்லா ஊர்களிலும் சிறந்த வில் மரம் கிடைப்பதில்லை. குதிரைமேல் அமர்ந்து எய்வதற்கு நீண்ட வில்லும் ஏற்றதன்று. குட்டையான வில்லை ஆழமாக வளைத்தால் அதன் முதுகு மேலும் கடுமையாக இழுபடும். இந்த இடரைத் தீர்க்க, வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பலர் மான், காட்டெருமை போன்றவற்றின் தசைநாரைப் பயன்படுத்தினர். காய்ந்த தசைநாரைத் தட்டி, நூல் நூலாகப் பிரித்து, பசையில் தோய்த்து, வில்லின் முதுகில் நீளவாட்டில் அடுக்கடுக்காக ஒட்டினர். தசைநார் மரத்தைவிடப் பல மடங்கு நீண்டு கொடுக்கும். மேலும், காயும்போது சுருங்கி வில்லின் முதுகை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இக்கலையை உலகம் நுணுக்கமாக அறிந்துகொள்ள உதவியவர்களுள் ஒருவர் ‘இஷி’ என்னும் பெரியவர். கலிபோர்னியாவில் வாழ்ந்த யாஹி இனத்தின் கடைசி மனிதர் அவர். குடியேறியவர்களின் தாக்குதல்களாலும் நோயாலும் பசியாலும் தம் மக்கள் அனைவரும் அழிந்த பின், 1911ஆம் ஆண்டு ஓரோவில் என்னும் ஊரின் அருகே தனியாளாக வெளிப்பட்டார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கி, வில் அம்பு செய்வதைக் காண்போருக்குக் காட்டினார். தசைநாரை ஒட்டி வில் செய்யும் முறையை, சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவரிடம் நேரில் கண்டு கற்று எழுதிவைத்தார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். போப்பின் நூல் 1923இல் வெளிவந்தது. ஓர் இனமே மறைந்த பின்னும் அதன் கைத்திறன் மறையாமல் நின்றமைக்கு, ஒரு மனிதரின் பொறுமையும் மற்றொருவரின் அக்கறையும் காரணமாயின.

பாம்புத் தோல் எதற்கு?

தசைநாருக்கும் அதனைப் பிடித்திருக்கும் பசைக்கும் பகை ஒன்று உண்டு. அதுவே ஈரம். மழையிலோ பனியிலோ நனைந்தால் பசை இளகும், தசைநார் தளரும், வில் தன் விசையை இழக்கும். எனவே, தசைநாரின்மேல் ஈரம் புகாத மேலுறை ஒன்று தேவைப்பட்டது. சில பழங்குடி மக்கள் அதற்குத் தேர்ந்தெடுத்ததே கிலுகிலுப்பைப் பாம்பின் தோல்.

அதற்குக் காரணங்கள் உள. அத்தோல் மிக மெல்லியது. வில்லின் முனையில் எடை கூடினால் அம்பின் வேகம் குறையும். இத்தோலோ எடையைக் கூட்டுவதில்லை. வில் வளையும்போது அதனோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். நீளவாட்டில் ஒரே துண்டாகக் கிடைக்கும். அதன் கோலம் கண்ணுக்கும் அழகு தரும்.

அது செய்யும் பணி காப்பதுதான், தாங்குவதன்று. இழுவிசையைத் தாங்குபவை மரமும் தசைநாருமே. பாம்புத் தோல் அவற்றை ஈரத்திலிருந்தும் உராய்விலிருந்தும் காக்கும் போர்வையாகும். மழைக்குப் பிடிக்கும் குடை மனிதனை நனையாமல் காக்கும். ஆனால், ஒடிந்த காலை அது சேர்த்துவைக்காது.

ஒட்டும் முறை

அமெரிக்காவில் மர வில் செய்வோர் இந்நாளிலும் இவ்வேலையைச் செய்து வருகின்றனர். அவர்கள் கைக்கொள்ளும் முறை வருமாறு:

1. முதலில் வில் முழுமையாகச் செய்து முடிக்கப்பட வேண்டும். இரு பாதிகளும் ஒரே சீராக வளைகின்றனவா என்று பார்த்து, பலமுறை எய்து சோதித்த பின்னரே தோல் ஒட்டப்படும். குறையுள்ள வில்லுக்குத் தோல் ஒட்டுவதில்லை.

2. வயிற்றுப் பக்கமாகப் பிளந்து உரித்த தோலின் உட்புறத்தில் ஒட்டியுள்ள கொழுப்பையும் சவ்வையும் சுரண்டி நீக்கிக் காயவைப்பர். எண்ணெய் ஏற்றிப் பதப்படுத்திய தோல் பசையை ஏற்காது. ஆகையால், பதப்படுத்தாத காய்ந்த தோலே சிறந்தது. இரண்டு தோல்கள் தேவை. வில்லின் மேற்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று.

3. வில்லின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைப்பர். தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மென்மையாக்குவர்.

4. பழைய முறையில் பயன்பட்டது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்பது இதனையே. இப்பசையை நேரடியாக நெருப்பில் வைத்துக் கொதிக்கவிடலாகாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரத்தில் வைத்து, சுமார் 60 பாகை செல்சியசில் இளக்க வேண்டும். மிகுந்த வெப்பம் அதன் பிடிப்பைக் கெடுத்துவிடும். இக்காலத்தில் பலர் கடைகளில் கிடைக்கும் மரப் பசையையே பயன்படுத்துகின்றனர்.

5. வில்லிலும் தோலின் உட்புறத்திலும் பசை தடவி, தோலின் அகன்ற பகுதி கைப்பிடியிலும் வால் பகுதி வில்லின் முனையிலும் அமையுமாறு வைப்பர். வில்லும் முனையை நோக்கிக் குறுகுவதால் தோல் அதற்குப் பொருந்தும். செதில்களின் விளிம்பும் முனையை நோக்கியே படிந்திருக்கும். முதுகெலும்பின் மேலுள்ள கோலம் வில்லின் நடுக்கோட்டில் நேராக அமைய வேண்டும்.

6. கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றையும் மிகுந்த பசையையும் வெளியேற்றுவர். தோலை வலிந்து இழுத்து ஒட்டினால், காயும்போது அது சுருங்கி விளிம்பில் பெயரும். இரு தோல்களும் சந்திக்கும் இடம் கைப்பிடியில் அமையும். பின்னர் அதன்மேல் தோல்வாரோ கயிறோ சுற்றி மறைக்கப்படும்.

7. காற்றுப் புகும் துணிப்பட்டையால் மெல்லச் சுற்றிவைத்து, பசை பிடித்ததும் பட்டையை அவிழ்த்துவிடுவர். பின்னர் நிழலில் பல நாள் உலரவிடுவர். பசையிலிருந்த நீர் மரத்திலும் ஊறியிருக்கும்; அது முற்றிலும் உலரும் முன் நாண் ஏற்றலாகாது. தசைநார் ஒட்டிய வில்லாயின், தோல் போர்த்துவதற்கு முன்பே தசைநார் பல வாரங்கள் உலர்ந்திருக்க வேண்டும்.

8. உலர்ந்தபின் ஓரங்களை அரத்தாலும் உப்புத்தாளாலும் செம்மையாக்குவர். தளர்ந்து நிற்கும் செதில்களை ஒட்டும் நாடாவால் நீக்கலாம். கோலம் தோலிலேயே தங்கியிருக்கும். இறுதியாக, ஈரம் புகாதிருக்க வார்னிஷ் பூசுவர். முற்காலத்தில் கொழுப்புத் தடவினர்.

இரண்டு ஐயங்கள்

“காட்டில் கிடக்கும் பாம்புச் சட்டையை ஒட்டலாமா?” என்று சிலர் கேட்கலாம். பாம்பு கழற்றிப் போடும் சட்டை உண்மையான தோல் அன்று. நகத்தையொத்த பொருளாலான மேலேடு மட்டுமே. அது எளிதில் கிழிந்துவிடும், காப்பும் தராது.

“அப்படியாயின், ஒரு மலைப்பாம்பைப் பிடித்தால் என்ன?” என்பது அடுத்த ஐயம். அது கூடாது. தீபகற்ப மலேசியாவில் மலைப்பாம்பு, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினமாகும். உரிமம் இல்லாமல் அதனைப் பிடிப்பதும் கொல்வதும் அதன் தோலை வைத்திருப்பதும் குற்றமாகும். அனைத்துலக வாணிப உடன்படிக்கையும் மலைப்பாம்புத் தோல் நாடுவிட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்துகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, எலிகளைத் தின்று நமக்கு உதவும் உயிரும் அதுவே. வீட்டருகே பாம்பு வந்தால் தீயணைப்புத் துறையினருக்கோ பொதுத் தற்காப்புப் படையினருக்கோ தெரிவிப்பதே முறை.

இளைஞருக்கு ஒரு சொல்

இனி, அந்த இளைஞரின் வில்லுக்கு வருவோம். அவர் வில்லில் இருந்த கீறல் முதுகில், குறுக்காக ஓடியது. அதாவது, இழுவிசையைத் தாங்க வேண்டிய நார்கள் அங்கு முன்பே அறுபடத் தொடங்கிவிட்டன. அதன்மேல் எவ்வளவு அழகிய தோலை ஒட்டினாலும் அறுந்த நார் மீண்டும் சேராது. மாறாக, கீறல் கண்ணுக்குத் தெரியாமற்போகும். நாளுக்கு நாள் அது வளர்வதை எவரும் காணமாட்டார். வில்லின் உட்குறையை அறியாத தம்பியோ தங்கையோ அதனை எடுத்து வளைத்தால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நல்ல வில்லுக்கு மேலும் பாதுகாப்புத் தரவே பாம்புத் தோல் பயன்படும். பழுதை மறைப்பதற்கு அன்று. வில்லுக்கு மட்டுமன்றி, ஏணி, மிதிவண்டி, வீட்டுக் கூரை என நாம் கையாளும் எல்லாப் பொருள்களுக்கும் இது பொருந்தும். பழுதைக் கண்டால் அதன்மேல் வண்ணம் பூசுவதை விடுத்து, பழுதையே முதலில் நீக்க வேண்டும்.

அந்த இளைஞர் நான் கூறியதைக் கேட்டுச் சற்றே மனம் வருந்தினார் என்பது உண்மை. எனினும், கீறிய வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, நார் நேராக ஓடும் வேறொரு கட்டையைத் தேடப்போவதாகக் கூறி விடைபெற்றார். அவருடைய இரண்டாவது வில் முதலாவதைவிடச் சிறந்து விளங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.