கறவைப் பசுவுக்குத் தாது உப்புத் தூள்: எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

வயிறு நிறையத் தீனி தின்னும் பசு தொழுவத்துச் சுவரின் மண்ணை நக்குவதும், குப்பைமேட்டில் கிடக்கும் எலும்பையும் கந்தலையும் கடிப்பதும், ஈன்று பல மாதங்கள் சென்றும் பருவத்துக்கு வராதிருப்பதும் குடியானவர்கள் நன்கறிந்த காட்சிகளே. வயிற்றுப் புழு முதலான வேறு காரணங்களும் இவற்றுக்கு உண்டு. எனினும், தீவனத்தில் தாதுப் பொருள்கள் குறைவுபடுவது முக்கியமான காரணங்களில் ஒன்றாகும்.

இவ்வுண்மை தென் ஆப்பிரிக்காவில் தெளிவாக விளங்கிற்று. அங்கு மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்து, அதிலிருந்த விஷத்தால் மாண்டு வந்தன. சர் ஆர்னால்டு தைலர் என்னும் கால்நடை மருத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் 1919 முதல் இதனை ஆராய்ந்து, அந்நிலத்துப் புல்லில் பாஸ்பரஸ் மிகக் குறைவென்று கண்டனர். எலும்புத் தூளைத் தீவனமாகக் கொடுத்தபோது மாடுகள் எலும்பு கடிப்பதை விட்டதோடு நன்கு வளரவும் செய்தன. அன்று எலும்புத் தூள் செய்த வேலையை, இன்று டைகால்ஷியம் பாஸ்பேட் முதலியவை சேர்ந்த தாது உப்புக் கலவைகள் செய்கின்றன.

ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்ஷியமும் 0.9 கிராம் பாஸ்பரஸும் உள்ளன. ஆகவே 10 லிட்டர் கறக்கும் பசு பிரதிதினம் 12 கிராம் கால்ஷியத்தையும் 9 கிராம் பாஸ்பரஸையும் பாலோடு இழக்கிறது. நெல் வைக்கோலில் பாஸ்பரஸ் சொற்பம். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்ஷியத்தையும் பயன்படவொட்டாமல் தடுக்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதியாயினும் கால்ஷியம் குறைவு. தீவனம் ஈடு செய்யாததைப் பசு தன் எலும்பிலிருந்தே கொடுக்க நேரிடுகிறது.

கடைகளில் பல வியாபாரக் குறிகளுடன் இத்தூள் விற்கப்படுகிறது. ஒரு பொட்டலத்தில் நாளொன்றுக்கு 30 கிராம் என்றும், மற்றொன்றில் 100 கிராம் என்றும் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு பலர் மயங்குகின்றனர். தூள்களின் சத்து ஒன்றுபோலிராமையே இதற்குக் காரணம். ஆதலின் ஒரு பொட்டலத்தின் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது. பொட்டலத்தின் மேலுள்ள படத்தையும் புகழுரையையும் விட்டு, சத்துக்களின் சதவிகிதப் பட்டியலையே முதலில் நோக்கவேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் 2002-ஆம் வருஷத் திருத்தப்படி, மாட்டுக்குரிய தாது உப்புக் கலவையில் கால்ஷியம் 20 சதவிகிதத்துக்கும், பாஸ்பரஸ் 12 சதவிகிதத்துக்கும் குறையாமல் இருத்தல் வேண்டும்.

விலையையும் சத்தைக் கொண்டே ஒப்பிடவேண்டும். உதாரணமாக, 12 சதவிகிதம் பாஸ்பரஸ் உள்ள தூள் கிலோ 120 ரூபாய் என்றும், 6 சதவிகிதம் உள்ளது 80 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பசுவுக்கு 6 கிராம் பாஸ்பரஸ் கொடுக்க முதல் தூளில் 50 கிராம் போதும். செலவு 6 ரூபாய். இரண்டாவதில் 100 கிராம் வேண்டும். செலவு 8 ரூபாய். மலிவென்று வாங்கியதே அதிக விலையாகிறது. அதிலும் 50 கிராமே கொடுத்தால், பணம் மிச்சமானதாகத் தோன்றும். பசுவுக்கோ பாதிச் சத்தே கிடைக்கும்.

பாஸ்பரஸே விலை அதிகமான சரக்காதலின், மட்டமான தூள்களில் அதைக் குறைத்துச் சுண்ணாம்புக் கல் தூளையோ சாதாரண உப்பையோ மிகுதியாகச் சேர்ப்பதுண்டு. சுத்தி செய்யாத பாறைப் பாஸ்பேட் சேர்ந்தால் புளோரின் மிகுந்து, நாளடைவில் பல்லும் எலும்பும் கெடும். அதனாலேயே புளோரின் 0.07 சதவிகிதத்துக்கு மேற்படலாகாதென்று அத்தர நிர்ணயம் வரையறுத்திருக்கிறது. உப்புச் சேராத கலவையாயின், சாதாரண உப்பைத் தனியே கொடுக்கவேண்டும்.

கைப்பிடி அளவு நம்பத்தக்கதன்று. ஒருவர் கைப்பிடி மற்றொருவருக்கு ஒவ்வாது. கடைத் தராசில் ஒரு முறை சரியாக நிறுத்து, ஒரு தகரக் குவளையில் கொட்டி, அம்மட்டத்தில் கோடு கீறிக்கொள்வது நலம். வேறு தூள் வாங்கினால் மீண்டும் நிறுத்தே கோடிட வேண்டும். தூளைத் தவிட்டிலோ பிண்ணாக்கிலோ நன்கு கலந்து தினந்தோறும் கொடுக்க வேண்டும். ஈரம் படாமல் மூடி வைப்பதும் அவசியம்.

அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்றெண்ணுவது தவறு. ஈனுவதற்கு முன் சில வாரங்களில் கால்ஷியத்தை மிதமிஞ்சிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்ஷியத்தை எடுக்கும் சக்தி மந்தமாகி, ஈன்றவுடன் பால் சுரம் கண்டு பசு விழுந்துவிடக்கூடும். உடனே சிகிச்சை செய்யாவிடில் உயிருக்கே மோசம். சினை முற்றிய பசுவுக்குரிய அளவைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும். மாட்டுக்குரிய தூளை ஆட்டுக்கு வைப்பதும் ஆபத்து. அதிலுள்ள தாமிரம் செம்மறி ஆட்டின் ஈரலில் தங்கி விஷமாகும்.

கிராம அதிகாரிகளும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவலாம். ஊருக்கு வேண்டிய தூளை ஒருங்கே வாங்கினால், தர முத்திரை, தயாரித்த தேதி, சத்துப் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்துப் பேரம் செய்ய முடியும். சந்தேகமிருப்பின் மாதிரி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் முடியும். பசுந்தீவனத்துக்கும் அடர் தீவனத்துக்கும் இத்தூள் பதிலாகாது. அவற்றின் குறையை நிரப்புவதே இதன் வேலை. பட்டியலைப் படித்து, நிறுத்துக் கொடுக்கும் குடியானவருக்கே தூளுக்குச் செலவழித்த பணம் பாலாகவும் கன்றாகவும் திரும்பிவரும்.