பிக்கிள்: எட்டுப் பீரங்கிகளுடன் ஒரு சின்னக் கப்பல்

பாய்க்கப்பல் காலத்துக் கடற்போரை வைத்து உருவாக்கப்பட்ட கணினி விளையாட்டுகளுள் 'நேவல் அக்‌ஷன்' ஒன்று. நானா விளையாடுவதைப் பார்த்துப் பழகி, இப்போது விடுமுறை நாட்களில் நானும் விளையாடுவதுண்டு. அதில் 'ட்ரிங்கோமலி' என்றொரு பெரிய போர்க்கப்பல் வருகிறது. நமது திருகோணமலையின் பெயர் சூட்டப்பட்டு, 1817இல் பம்பாயில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் நான் எழுத விரும்புவது அதே விளையாட்டில் வரும் மிகச் சிறிய கப்பல்களுள் ஒன்றைப் பற்றி. அதன் பெயர் 'பிக்கிள்'. தமிழில் சொன்னால் அச்சாறு!

ஸ்கூனர் என்பது என்ன?

பிக்கிள் 'ஸ்கூனர்' வகையைச் சேர்ந்தது. பெரிய போர்க்கப்பல்களின் பாய்கள் கப்பலுக்குக் குறுக்கே விரிந்திருக்கும். பின்னாலிருந்து வீசும் காற்றை அவை நன்றாக வாங்கும், எதிர்க்காற்றில் திணறும். ஸ்கூனரின் பிரதான பாய்களோ கப்பலின் நீளவாக்கில் அமைந்தவை. பிணைச்சலில் ஆடும் கதவைப் போல, பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு இரு பக்கமும் திரும்பும். எந்தப் பாய்க்கப்பலும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துச் செல்ல முடியாது. எனினும் ஸ்கூனர், பெரிய கப்பல்களை விடக் காற்றுத் திசைக்கு நெருக்கமாகச் சென்று, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி முன்னேறிவிடும். பாய்களைக் கையாள ஆட்களும் குறைவாகவே தேவை.

உண்மையான பிக்கிள் சுமார் 73 அடி நீளமானது. அதில் இருந்தவை, 12 இறாத்தல் குண்டு எறியும் எட்டு 'கரொனேட்' பீரங்கிகள். கரொனேட் குட்டையானது, பாரம் குறைந்தது. கிட்டத்தில் பலமாகத் தாக்கும், தூரத்துக்கு எட்டாது. நெல்சனின் 'விக்டரி' கப்பலிலோ 104 பீரங்கிகளும் 800க்கு மேற்பட்ட ஆட்களும் இருந்தனர்.

விளையாட்டிலும் இந்த வேறுபாடு தெரியும். பெரிய கப்பலின் பக்கவாட்டில் பிக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினால் நொடியில் கதை முடிந்துவிடும். காற்றைப் பயன்படுத்தி விலகி, சுற்றி வந்து, அதன் பின்புறத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே பீரங்கிகள் குறைவு. அங்கிருந்து சுடும் குண்டு கப்பலின் நீளம் முழுவதும் ஊடுருவும். பொறுமைதான் பிக்கிளின் ஆயுதம்.

ட்ரபல்கர் போரில்

1805 ஒக்டோபர் 21ஆம் திகதி ஸ்பெயின் கரையோரம் ட்ரபல்கர் போர் நடந்தது. பிரித்தானியாவின் 27 பெரும் போர்க்கப்பல்கள், பிரான்ஸ் - ஸ்பெயின் கூட்டணியின் 33 கப்பல்களை எதிர்த்தன. அந்த அணிவகுப்பில் பிக்கிளுக்கு இடமில்லை. அது ஒதுங்கியே நின்றது.

மாலையில் 'அஷீல்' என்ற பிரெஞ்சுக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. அதிலிருந்தவர்கள் கடலில் குதித்தனர். அவர்களை மீட்கச் சென்ற பிரித்தானியக் கப்பல்களுள் பிக்கிளும் ஒன்று. எரியும் கப்பலில் குண்டு நிரப்பப்பட்டிருந்த பீரங்கிகள் சூட்டினால் தாமாகவே வெடித்துக்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் பிக்கிளின் படகுகள் நெருங்கிச் சென்று நூற்றுக்கும் மேற்பட்ட எதிரிகளைக் காப்பாற்றின. அதாவது, பிக்கிளின் சொந்த மாலுமிகளை விடப் பல மடங்கு ஆட்கள்!

மீட்கப்பட்டவர்களுள் ஜனெட் என்ற பெண்ணும் இருந்தார். கணவரைப் பிரிய மனமின்றி அவருடன் அந்தக் கப்பலில் வந்தவர் அவர். தீ நெருங்கியபோது வெளியே இறங்கிச் சுக்கானைப் பற்றிக்கொண்டிருந்தார். உருகிய ஈயம் மேலே சொட்டத் தொடங்கியதும் கடலில் குதித்தார். சில நாட்களின் பின் கணவரையும் உயிருடன் கண்டார்.

செய்தி சுமந்த கப்பல்

போரில் நெல்சன் உயிரிழந்தார். வெற்றிச் செய்தியையும் துயரச் செய்தியையும் ஒன்றாக நாட்டுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பைத் தளபதி கொலிங்வூட், ஒக்டோபர் 26ஆம் திகதி பிக்கிளின் தலைவர் லபெனோட்டியரிடம் ஒப்படைத்தார். வழியில் கடும் புயல். கப்பலுக்குள் நீர் புகுந்தது. பாரத்தைக் குறைப்பதற்காக நான்கு பீரங்கிகளைக் கடலில் எறிந்தார்கள். நவம்பர் 4ஆம் திகதி ஃபல்மவுத் துறைமுகத்தை அடைந்தார்கள். அங்கிருந்து லபெனோட்டியர் குதிரை வண்டியில் 271 மைல் பயணம் செய்தார். 21 தடவை குதிரைகள் மாற்றப்பட்டன. 6ஆம் திகதி அதிகாலை ஒரு மணியளவில் அவர் லண்டன் கடற்படைத் தலைமையகத்தின் கதவைத் தட்டினார்.

1808இல் பிக்கிள் ஸ்பெயினின் காதிஸ் அருகே தரைதட்டி உடைந்தது. அதிலிருந்த அனைவரும் உயிர் தப்பினர்.

எதைக் கணக்கிடுகிறோம்?

விளையாட்டுப் போரில் மூழ்கடித்த கப்பலுக்கும் கைப்பற்றிய கப்பலுக்கும் வெகுமதி உண்டு. கடலில் தத்தளிப்பவரைத் தூக்கிவிட்டால் எதுவும் கிடைப்பதில்லை. தூக்கிவிட அங்கே ஆட்களும் இல்லை. அந்தக் கணக்கின்படி ட்ரபல்கரில் பிக்கிள் பெற்றிருக்கக்கூடிய புள்ளி பூச்சியம்தான். ஆனால் இருநூறு ஆண்டுகளின் பின்னரும் பிரித்தானியக் கடற்படையில் அதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் 'பிக்கிள் இரவு' கொண்டாடுகிறார்கள்.

கணினி விளையாட்டு நேரத்தை வீணாக்கும் என்பது பெற்றோரின் கவலை. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் உங்கள் பிள்ளை அடுத்த முறை ஒரு கப்பலை மூழ்கடித்து மகிழும்போது, "அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் அந்தக் கேள்வியைத் தேடிப் போய்த்தான் ஜனெட்டின் கதையை அறிந்துகொண்டேன்.