காட்டு நெல்லின் கொடை

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து செல்கிறது. தாவர இனங்களும் ஏறக்குறைய இப்படித்தான் ஒரே மூதாதையிலிருந்து கிளைக்கின்றன. நாம் பயிரிடும் நெல் ஒரைசா சட்டைவா. குளம் குட்டை ஓரங்களில் தானே முளைக்கும் ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல் அதற்கு மிக நெருங்கிய உறவு. இதன் மணிகள் முற்றியதும் தாமே உதிர்ந்துவிடும். உழவர் கண்ணுக்கு இது வெறும் களை.

உறவின் நெருக்கத்தை எப்படி அறிவது? இரண்டிலும் குரோமோசோம்கள் 24. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற மற்றொரு காட்டு நெல்லுக்கும் 24 தான். எனினும் அதன் குரோமோசோம்கள் பயிர் நெல்லின் குரோமோசோம்களுடன் சரிவர இணைசேருவதில்லை. நிவாராவுடையவை இணைசேர்கின்றன. எனவே கலப்பினம் உண்டாக்குவது எளிது.

இந்த உறவு ஒருமுறை பெரிதும் கைகொடுத்தது. தஞ்சை உழவர்கள் புகையான் என்னும் பூச்சியை நன்கு அறிவார்கள். சாற்றை உறிஞ்சுவதோடு, புல்தழைக் குட்டை நோயின் வைரஸையும் அது பரப்புகிறது. நோய் கண்ட பயிர் குட்டையாகி, புல்போலத் தூர் வெடிக்கும், கதிர் வராது. 1970-களில் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தது.

பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தனர். உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரேயொரு நிவாரா விதைத் தொகுப்பில்தான் எதிர்ப்பாற்றல் இருந்தது. அதிலும் எல்லாச் செடிகளிலும் இல்லை, சிலவற்றில் மட்டுமே!

இயற்பியல் ஆசிரியனான எனக்கு இது வியப்பாக இருக்கிறது. ஓர் எலக்ட்ரானை அறிந்தால் எல்லா எலக்ட்ரான்களையும் அறிந்ததாகும். செடிகளில் அப்படியன்று, ஒரே குட்டையில் அடுத்தடுத்து நிற்பவைகூட வேறுபடலாம். பத்துச் செடிகளைப் பாதுகாத்துவிட்டு, இனத்தையே பாதுகாத்ததாகச் சொல்ல முடியாது.

அந்தச் செடிகளைப் பயிர் நெல்லோடு கலந்தனர். பிறந்ததை மறுபடியும் பயிர் நெல்லோடு கலந்தனர். இவ்வாறு செய்தால் காட்டு நெல்லின் பங்கு சராசரியாகப் பாதி, கால், அரைக்கால் என்று குறைந்துகொண்டே வரும். நோயை எதிர்க்கும் செடியையே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுப்பதால், தேவையான மரபணு மட்டும் தங்கிவிடும். டாக்டர் குர்தேவ் சிங் குஷ் குழுவினர் உருவாக்கி 1976-இல் வெளிவந்த ஐ.ஆர். 36 இந்த மரபணுவைக் கொண்டது. 1980-களில் உலகெங்கும் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் அது பயிராயிற்று.

ஆனால் வைரஸும் மாறுகிறது. 1980-களிலேயே பிலிப்பைன்ஸில் அதன் வேறொரு வகை தோன்றியது. அதற்கு இந்த மரபணு ஈடுகொடுக்கவில்லை. மீண்டும் காட்டு நெல்லிடம் போகலாம் என்றால், குட்டைகள் தூர்ந்துவருகின்றன. எஞ்சியவற்றில் முளைப்பவற்றின்மீதும் பக்கத்து வயலின் மகரந்தம் ஆண்டுதோறும் வந்து விழுகிறது. காவிரியும் குடமுருட்டியும் பிரிந்தபின் மறுபடி கலந்துவிட்டால், எது எந்த நீர் என்று யாரால் சொல்ல முடியும்?