அளக்கத் தெரிந்தவர் வந்துவிட்டார், கையொப்பமிடுவது யார்?

மன்னார்த் தீவில் காணி வாங்குபவரும் வீடு கட்டுபவரும் வேலி போடுபவரும் இன்று முதலில் தேடுவது சர்வேயரைத்தான். மேசனைப் பிடித்துவிடலாம். மணல் லொறியையும் பிடித்துவிடலாம். சர்வேயரைப் பிடிப்பதற்குத்தான் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது. ஹாட்வெயார் வியாபாரம் செய்பவன் என்ற வகையில் இதை நான் நாளாந்தம் காண்கிறேன். சீமெந்துக்கும் கம்பிக்கும் ஓர்டர் தந்தவர் இரண்டு மாதமாகியும் சாமானை எடுக்க வரவில்லை என்றால், பாதிப் பேரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "நானா, காணி இன்னும் அளந்து முடியல்ல."

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், அளக்கத் தெரிந்த ஒரு பகுதியினர் நாட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இராணுவத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள். இந்த இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பார்த்தால் எமது வியாபாரிகளுக்கும் இளைஞர்களுக்கும் பயன்படக்கூடிய சில விடயங்கள் கிடைக்கின்றன.

வெளியே வருபவர்கள் யார்?

2023 ஜனவரியில் அரசாங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அப்போது 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2024 இல் 135,000 ஆகவும், 2030 ஆம் ஆண்டளவில் 100,000 ஆகவும் குறைப்பது என்பதே அது. இது தவிர, 22 வருட சேவையை முடித்து ஓய்வூதியத்தோடு வெளியேறும் சிப்பாய்களும் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். இருபது வயதில் சேர்ந்தவருக்கு வெளியே வரும்போது வயது 42. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயது அது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வீட்டில் இருக்க முடியாது.

இவர்களில் பெரும்பாலானோருக்குத் துப்பாக்கியைத் தவிர வேறு தொழில் பழக்கம் இல்லை. ஆனால் பொறியியல் படையிலும் பீரங்கிப் படையிலும் இருந்தவர்களில் சிலருக்கு அளவைத் தொழில் தெரியும். பீரங்கி நிற்கும் இடத்தையும் இலக்கு இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் சரியாகக் குறிக்காவிட்டால் குண்டு வேறெங்கோ போய் விழும். பாலம் போடுவதற்கும் பாதை வெட்டுவதற்கும் மட்டம் பார்க்க வேண்டும். ஆகவே தூரம், திசை, உயரம் ஆகிய மூன்றையும் அளந்து தாளில் போடுவது படையில் ஒரு தனித் தொழிலாகவே கற்பிக்கப்படுகிறது. உலகில் பெயர்பெற்ற பிரித்தானியாவின் 'ஓர்ட்னன்ஸ் சேர்வே' நிறுவனம்கூட 1791 இல் படைத்தேவைக்காகத் தொடங்கப்பட்டதுதான். இன்று அது முழுக்க முழுக்க சிவில் நிறுவனம்.

இலங்கையிலேயே இருந்த முன்னோடி

படையிலிருந்து அளவைத் தொழிலோடு சிவில் வேலைக்கு வந்தவர்களில் எமது நாட்டின் பெரிய உதாரணம் தோமஸ் ஸ்கின்னர். 1804 இல் பிறந்த இவர் பதினைந்து வயதுக்குள்ளேயே இலங்கையில் படையில் சேர்ந்துவிட்டார். 1820 இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இவரைக் கண்டி வீதி அமைக்கும் வேலைக்கு அனுப்பியபோது வயது பதினாறு. பொறியியலில் எந்தப் படிப்பும் இல்லை. வேலை செய்துதான் வேலையைக் கற்றார்.

பின்னர் ஜெனரல் பிரேசரின் கீழ் இலங்கை வரைபடம் தயாரிக்கும் பணியில் சேர்ந்து, தியோடலைட் கருவியைப் பிடிக்கத் தாமாகவே பழகிக்கொண்டு, மலைநாட்டுக் காடுகளை அளந்தார். காட்டை அளந்தவருக்கு வீதி எந்த வழியாகப் போகவேண்டும் என்பது தெரிந்திருந்தது. வீதி ஆணையாளராக உயர்ந்து 1867 இல் ஓய்வுபெற்றார். அவருடைய வாழ்க்கை வரலாறு, அவர் இறந்த பின்னர் 1891 இல் மகளின் முயற்சியால் நூலாக வந்தது.

ஸ்கின்னர் காலத்தில் ஆளுநர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிப்பாய் வீதிப் பொறியியலாளராகிவிடலாம். இன்று அப்படி முடியாது. கைத்தொழில் தெரிந்திருப்பது ஒன்று, அந்தத் தொழிலைச் செய்ய அத்தாட்சி இருப்பது இன்னொன்று.

கண்ணிவெடி நிலத்தில் தொடர்ந்த தொழில்

எமது மாவட்டத்தில் இந்த மாற்றத்தை எல்லோரும் கண்ணால் கண்ட இடம் கண்ணிவெடி அகற்றும் வேலை. யுத்தம் முடிந்த 2009 இற்குப் பின்னர், மன்னாரின் பெருநிலப்பரப்பில் வயலுக்கும் காட்டுக்கும் போக முடியாமல் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்றதை மறந்திருக்க மாட்டோம். இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவோடு, ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற சர்வதேச நிறுவனங்களும் வடக்கில் வேலை செய்தன. ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஆனந்த சந்திரசிறி 2010 இல் ஆரம்பித்த டாஷ், 2016 இல் உருவான ஷார்ப் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களும் அவ்வாறே படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களின் அனுபவத்தோடு எழுந்தவை.

அங்கே நடப்பது வெடியைத் தோண்டுவது மட்டுமல்ல. அசையாத ஓர் அடையாளத்தைப் பிடித்து, அதிலிருந்து இத்தனை பாகையில் இத்தனை மீற்றர் என்று அளந்து, ஆபத்தான நிலத்தின் ஒவ்வொரு மூலையையும் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். துப்புரவு முடிந்ததும் எந்த நிலம் பாதுகாப்பானது என்று வரைபடத்தோடு ஒப்படைக்க வேண்டும். ஒரு மூலை பிழைத்தால் உயிர் போகும். இந்த வேலையில் படையினரோடு எமது மாகாணத்து இளைஞர்களும், யுத்தத்தில் கணவனை இழந்த பெண்களும் பயிற்சி பெற்றார்கள்.

கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து பத்து வருடத்திற்குள் நிலத்தைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கணக்கு 2028 ஜூனில் முடிகிறது. அந்த வேலை குறையக் குறைய, அளவு பழகிய இந்தக் கைகளும் வேறு வேலை தேடி வரும்.

தோட்டவெளியில் கண்ட ஒரு காட்சி

எருக்கலம்பிட்டிக்கு அயலூரான தோட்டவெளியில் ஒரு களஞ்சியக் கட்டடம் போட்டபோது, கொந்தராத்துக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். பொறியியல் படையில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்ற சிங்களச் சகோதரர். டோட்டல் ஸ்டேஷன் கருவியை மூன்று காலில் நிறுத்தி, பிளானைப் பார்த்து, அரை நாளில் அத்திவாரத்தின் எல்லா மூலைகளுக்கும் முளை அடித்து முடித்தார். பிறகு லெவல் கருவியை எடுத்து மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து, "முதலாளி, தளம் இன்னும் ஒன்பது அங்குலம் உசத்தணும்" என்றார். மன்னார்த் தீவு தட்டையான மணல் நிலம். அந்த ஒன்பது அங்குலத்தின் பெறுமதி மாரி மழையில் தெரிந்தது.

வேலை முடிந்து கருவியைப் பெட்டியில் வைக்கும்போது பக்கத்துக் காணி அண்ணன் வந்து, "தம்பி, எனக்கும் இந்த வேலிக்கு ஒருக்கா குறி வைச்சுத் தாங்கோவன். காசு தாறன்" என்றார். அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "அது பாரி ஐயா. எல்லைக்கு லைசன் உள்ள சர்வேயர் வரணும். நான் கட்டடத்துக்கு மூலை போடுறது மட்டும்."

கருவியும் ஒன்று, கையும் ஒன்று. இருந்தும் ஒரு வேலையைச் செய்தார், மற்றதை மறுத்தார். இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் எம்மில் பலர்.

சட்டம் சொல்வது

2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி, காணி எல்லையை அளந்து பிளான் கீறிக் கையொப்பமிடுபவர் நில அளவைச் சபையில் பதிவுபெற்று, வருடாந்த அனுமதிப்பத்திரமும் வைத்திருக்க வேண்டும். இருபது வருடம் படையில் அளந்த அனுபவம் இருந்தாலும் பதிவு இல்லாதவரின் பிளானை வைத்து நொத்தாரிசு உறுதி எழுத முடியாது. வங்கியும் கடன் தராது.

இதில் நியாயமும் இருக்கிறது. படையில் வழி காட்டும் கையடக்க ஜீ.பி.எஸ். கருவியில் மூன்று மீற்றர் பிழை வருவது சாதாரணம். காட்டில் நடப்பதற்கு அது போதும். பத்துப் பேர்ச் காணியில் என்ன நடக்கும்? பத்துப் பேர்ச் என்பது சுமார் 253 சதுர மீற்றர், அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 16 மீற்றர். ஒரு பக்க வேலி மூன்று மீற்றர் தள்ளிப்போனால் 48 சதுர மீற்றர், கிட்டத்தட்ட இரண்டு பேர்ச், அடுத்தவருக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. எமது பழைய படங்கள் ஒரு ஆள்கூற்று முறையிலும், 1999 இற்குப் பின்னரான படங்கள் 'எஸ்.எல்.டி. 99' என்ற புதிய முறையிலும், ஜீ.பி.எஸ். உலகப் பொது முறையிலும் இடத்தைச் சொல்கின்றன. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றை மற்றதில் போட்டால் நூறு மீற்றருக்கு மேல் தவறும்.

எமக்கு இது ஏன் முக்கியம்?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது உறுதியை எடுத்து வர முடிந்தவர்கள் சிலர். எல்லைக்கல்லை யாராலும் எடுத்து வர முடியாது. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு 2009 இற்குப் பின் திரும்பியபோது வேலி இல்லை, பனை வரிசை இல்லை, எல்லைக்குச் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்களும் இல்லை. சிலருடைய காணி காடாகிவிட்டது. சிலருடைய காணியில் வேறொருவர் குடியிருந்தார். அவரும் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவராகவே இருந்தார். இந்தச் சிக்கலைச் சத்தம் போட்டுத் தீர்க்க முடியாது. பழைய பிளானும் சரியான அளவும்தான் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும்.

இதற்கு மேல் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பது நிற்கின்றன. மொத்தம் 103.5 மெகாவொட். 2025 இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் போராடியபோது எழுந்த கேள்விகளில், மழைநீர் எங்கே வடியும் என்பதும் ஒன்று. மக்கள் பக்கத்தில் நின்று நிலத்தின் மட்டத்தை அளந்து பேசக்கூடியவர்களும் எமக்குத் தேவை.

யார் என்ன செய்யலாம்?

முதலாவது, படையிலிருந்தோ கண்ணிவெடி வேலையிலிருந்தோ வருபவர்களுக்கு. கட்டடத்துக்கு மூலை போடுதல், வீதிக்கும் வடிகாலுக்கும் மட்டம் பார்த்தல், கணினியில் வரைபடம் தயாரித்தல், சர்வேயரின் கீழ் உதவியாளராக வேலை செய்தல் ஆகியவற்றுக்கு நில அளவைச் சபையின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் கொந்தராத்து நிறுவனம் சான்றிதழ் கேட்கும். வேலை செய்து பெற்ற அனுபவத்தைப் பரிசோதித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறை நைட்டா நிறுவனத்தில் உண்டு. உங்கள் தொழிலுக்கு எந்தப் பிரிவு, எந்த மட்டம் என்று அங்கே கேளுங்கள். படையில் பெற்ற பயிற்சிக் கடிதங்களை வெளியேறும் முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எமது பிள்ளைகளுக்கு. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிப்பவர்கள் எல்லோரும் பொறியியல் பீடத்தையே பார்க்கிறார்கள். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனம் தியத்தலாவையில் இருக்கிறது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் சூரியவெவ வளாகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. மன்னாரில் பிறந்து, தமிழில் பேசி, பழைய உறுதியை வாசிக்கத் தெரிந்த சர்வேயருக்கு வேலை இல்லாமல் போகாது.

மூன்றாவது, வியாபாரிகளுக்கும் காணிக்காரருக்கும். வேலை கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தாள் உறுதிக்குப் போகுமா, மேசனின் கைக்குப் போகுமா? உறுதிக்குப் போவதானால் சர்வேயரின் பதிவையும் அவ்வருட அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள். மேசனுக்குப் போவதானால் நல்ல கைத்தொழில்காரரைப் பாருங்கள், அவர் எந்தச் சீருடையில் இருந்து வந்தாலும் சரி.

வர்த்தகர் சங்கங்கள் ஒரு வேலையைச் செய்யலாம். மாவட்டத்தில் வேலை செய்யும் பதிவுபெற்ற சர்வேயர்களின் பெயர்களை ஒரு பக்கமும், மூலை போடவும் மட்டம் பார்க்கவும் தெரிந்தவர்களின் பெயர்களை மறுபக்கமும் எழுதி ஒரு பட்டியலைக் கடைகளில் தொங்கவிடலாம். சர்வேயரின் நேரம் எல்லை அளப்பதற்கு மிச்சப்படும். மற்றவருக்கு வேலை கிடைக்கும். சீமெந்து வாங்க வருபவர் பார்த்துவிட்டுப் போவார். எனது கடைச் சுவரில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.