ஸ்டாப் பண்ணின சர்வருக்கும் பில் வருமா?

நெல்லிக்குப்பம்காரங்களுக்கு இது ஈசியா புரியும். அரவை சீசன்ல சர்க்கரை ஆலை வாசல்ல கரும்பு வண்டி வரிசை கட்டி நிக்கும். அந்தச் சில நாள் வெட்டுக்காக யாராவது சொந்தமா லாரி வாங்குவாங்களா? வாடகைக்குத்தான் பிடிப்பாங்க.

கிளவுட் சர்வரும் அப்படித்தான். அமேசான் 2006-ல இசி2-ன்னு இந்த வாடகையை ஆரம்பிச்சப்போ மணிக்கு 10 சென்ட். 2016-லிருந்து மும்பையிலேயே அவங்க சர்வர் கிடைக்குது. உங்க சைட்டுக்குக் கூட்டம் வந்தா நாலு சர்வர், ராத்திரி ஒண்ணு போதும். 'ஆட்டோ ஸ்கேலிங்' இதைத் தானா பாத்துக்கும். ஆனா அதிகபட்சம் எத்தனைன்னு நீங்கதான் சரியா குறிக்கணும்.

காசு கசியுற இடம் வேற. 'ஸ்டாப்' அமுக்கினா சர்வர் வாடகை மட்டும்தான் நிக்கும். டிஸ்க் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும். லாரியை அனுப்பிட்டு குடோனைக் காலி பண்ணாத கதை! பொது ஐபிவி4 முகவரிக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து, பயன்படுத்தினாலும் சும்மா வெச்சிருந்தாலும், மணிக்கு 0.005 டாலர். சில்லறைன்னு தோணும், 30 நாளைக்கு 3.6 டாலர் ஆகுது.

வேலை முடிஞ்சா, தேவையான டேட்டாவை எடுத்துட்டு சர்வரை 'டெர்மினேட்' பண்ணுங்க. தனியா மிச்சம் இருக்கிற டிஸ்க்கை அழிங்க, ஐபியை விடுவிங்க.

வருஷம் முழுக்க ஓடுற சர்வர்னா 1 அல்லது 3 வருஷ ஒப்பந்தத்துல தள்ளுபடி உண்டு. ஆனா பாதியில சைட்டை மூடினாலும் அந்தப் பணம் கட்டியே ஆகணும். புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல மூணு மாச பில்லைப் பாருங்க, அப்புறம் கையெழுத்துப் போடலாம். பட்ஜெட் அலர்ட்டை இன்னைக்கே போட்டுடுங்க. அது மெயில்தான் அனுப்பும், சர்வரை நிறுத்த வேண்டியது நீங்கதான்.