மெஷினை எடுத்தால் மூச்சு நிற்குமா? கட்டில் அருகே காவல் நிற்கும் நர்சுகள்!

திருப்பத்தூர்,

“மெஷினை எடுக்கப் போறாங்களாம்!”

இந்த ஒரு வார்த்தை போதும். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடக்கும் உறவினர்கள் கதிகலங்கிப் போவார்கள். “அவ்வளவுதானா சிஸ்டர்? கை விட்டுட்டாங்களா?” என்று அழுவார்கள்.

உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. நோயாளி தேறி வருவதால்தான் வெண்டிலேட்டரை எடுக்கும் பேச்சே எழுகிறது.

கட்டுவிரியன்

இரவில் தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கட்டுவிரியன் கடிப்பது உண்டு. அதன் விஷம் மூச்சு விடும் தசைகளை முடக்கிவிடும். பூச்சி மருந்து குடித்தவர்களுக்கும் இதே கதி நேரலாம். அப்போது மெஷின்தான் மூச்சுக் கொடுக்கும். விஷம் முறிந்த பிறகு அவரே மூச்சு விட வேண்டும். அங்கேதான் சோதனை!

பழைய சுண்ணாம்புக் குழி வேலை தெரிந்த ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தோலைச் சீக்கிரம் எடுத்தால் முடி கழலாது. தாமதித்தால் தோல் நைந்துபோகும். வெண்டிலேட்டரும் அப்படித்தான். அவசரப்பட்டு எடுத்தால் மூச்சுத் திணறி, மறுபடி குழாய் போட நேரும். தாமதித்தால் நிமோனியா வரலாம். மூச்சுத் தசைகளும் பலம் இழக்கும்.

தினமும் பரீட்சை

உத்தரவு போடுபவர் டாக்டர். இரவு பகலாகக் கட்டில் அருகே நிற்பவர் நர்சு. மயக்க மருந்து குறைக்கப்பட்டதும், “கண்ணைத் திறங்கய்யா... என் கையை அழுத்துங்க... எங்கே, இருமுங்க!” என்பார். தொண்டைச் சளியை உறிஞ்சி எடுப்பார். தலைமாட்டை உயர்த்தி வைப்பார்.

பிறகு மெஷினின் உதவி குறைக்கப்படும். அரை மணி முதல் 2 மணி நேரம் வரை பரீட்சை. மூச்சு நிமிஷத்துக்கு 35-ஐத் தாண்டினாலோ, ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ டாக்டருக்குத் தகவல் பறக்கும். அன்றைய பரீட்சை ரத்து. மறுநாள் மீண்டும் நடக்கும். தேறிவிட்டால், குழாய் வெளியே!

9 மணி நேரம் லாபம்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 357 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1997-ல் வெளிவந்தது. டாக்டர்கள் வழக்கம்போல முடிவு செய்த பிரிவில், பாதிப் பேர் மெஷினில் இருந்து விடுபட 44 மணி நேரம் ஆனது. எழுதிவைத்த விதிப்படி நர்சுகளும் சுவாச சிகிச்சையாளர்களும் கவனித்த பிரிவில் 35 மணி நேரம்தான்!

நர்சு வேலைக்குப் படிப்பு வேண்டும் என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சுப் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பே வந்தது.

ஒரு வாய் காபி!

குழாய் எடுத்ததும் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. தொண்டை புண்ணாகி, குரல் கம்மியிருக்கும். விழுங்கும் சக்தி திரும்பியிராது. பாசத்தில் ஒரு வாய் காபி ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். “இப்ப ஒண்ணும் குடுக்காதீங்கம்மா” என்று சிஸ்டர் அதட்டினால், கோபப்படாதீர்கள். அந்த அதட்டலும் வைத்தியம்தான்!