பூவைப் பிளந்தால்தான் பேர் தெரியும்!

70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள், பூத்துக் குலுங்கும் புதர்ச்செடியைக் கண்டால் செல்போனில் "கிளிக்" செய்கிறார்கள். கலர் பிரமாதம்! ஆனால் அது என்ன செடி? படம் வாய் திறக்காது.

மகரந்தத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது, சூல்பைக்குள் எத்தனை அறை என்று பார்த்தால்தான் பல செடிகளுக்குப் பேர் சொல்ல முடியும். அதற்குப் பூவை பிளேடால் கீறி, லென்சில் பார்த்து, கோட்டுப்படமாக வரையணும்.

மலை மலையாக...

கொல்லிமலைச் செடிகளுக்கு அந்த வேலையைச் செய்தவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிப் பாதிரியார் கே.எம்.மேத்யூ. 1967-ல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கியவர். அவரது குழு மலை மலையாக அலைந்து செடி சேகரித்தது. கோட்டுப்படங்களுக்கென்றே 1982-ல் தனிப் புத்தகம் வந்தது.

அடிபட்ட பேர்

இதற்கெல்லாம் முன்னோடிகள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். ஸ்காட்லாந்து டாக்டர் ராபர்ட் வைட், 1838-ல் சென்னையில் தொடங்கி 1853 வரை 2,100 செடிப் படங்கள் வெளியிட்டார். பல படங்கள் இவர்கள் கைவண்ணம். கேமரா புழக்கத்துக்கு வராத காலம்!

நன்றி மறக்காத வைட், ஒரு ஆர்க்கிட் வகைக்கு "கோவிந்தூயா" என்று பேர் வைத்தார். பிற்பாடு வந்த நிபுணர்கள், "இதற்கு முன்பே வேறு பேர் இருக்கிறது" என்று அதை அடித்துவிட்டார்கள்.

கோவிந்து வரைந்த படங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன.